ஆடுவதற்கல்லாத நடனங்கள்

(பொன்விழா இசை மாலையில் பாடகர் குழுவின் சார்பில் ஆற்றிய உரை)



ஜெர்மானிய இசைமேதை பாக் இயற்றிய செல்லோ 'ஸ்வீட்' ஒன்றை இன்று முழுமையாகக் கேட்கவிருக்கிறோம். அதற்கு முன்னுரையாகச் சில வார்த்தைகள் சொல்லும் பொறுப்பு எங்களிடம் தரப்பட்டுள்ளது. நிகழ்ச்சி நிரலில் 'ஸ்வீட்' என்று கண்டு முன்வரிசையில் இடம் பிடித்திருக்கும் சிறுவர்களுக்கு முதலில் ஒன்று சொல்லிவிடுகிறோம்: இது தின்பண்டம் அல்ல! பிரெஞ்சு மொழியில் 'தொடர்ந்து வருவது' என்று பொருள்படும் சொல். ஒரே ஆதார சுருதியில் நிற்கும் பல நடன இசைகளை ஒன்றன்பின் ஒன்றாக அடுக்கி அமைப்பதே ஸ்வீட். நம்முடைய ராகமாலிகையில் ராகம் மாறிக்கொண்டே போகும். இங்கே மாறுவது பெரும்பாலும் தாளமும் நடையும்தான்.

இந்த அடுக்கின் நடுத்தூண்கள் நான்கு. நிதானமாக நடக்கும் ஆல்மாண்ட் ஜெர்மனியின் பெயரைத் தாங்கியது. கூராந்த் என்றால் பிரெஞ்சில் 'ஓடுவது'. சரபாந்த் ஸ்பெயின் வழியாக வந்தது. துள்ளும் ஜீக் இங்கிலாந்துப் பக்கத்துச் சரக்கு. இவற்றை ஒரு குடும்பமாகச் சேர்த்தவர்களில் முக்கியமானவர் வியன்னா அரசவையின் ஆர்கன் கலைஞர் ஃப்ரோபெர்கர். 1667இல் மறைந்த அவருடைய கையெழுத்து ஏடுகளில் இத்தொடர்கள் பெரும்பாலும் மெதுவான சரபாந்துடன்தான் முடிந்தன. அவர் இறந்து சுமார் முப்பது ஆண்டுகளுக்குப் பின், ஆம்ஸ்டர்டாம் பதிப்பகத்தார் ஜீக்கைக் கடைசிக்கு மாற்றி, 'மேலான ஒழுங்கில் அமைக்கப்பட்டது' என்று முகப்பிலும் அச்சிட்டுவிட்டார்கள்! அதற்குள் நாட்டு வழக்கமும் அவ்வாறே ஆகிவந்தது. பாக் அதையே மேற்கொண்டார். மேலான ஒழுங்குதானா என்பதில் எங்களுக்குச் சிறிது ஐயம் உண்டு. அமைதியில் முடிவதும் ஓர் அழகே.

சரபாந்தின் வரலாறு விசித்திரமானது. 1583இல் ஸ்பெயினில் இது ஆபாசமான ஆட்டம் என்று தடை செய்யப்பட்டது. இயேசு சபையைச் சேர்ந்த வரலாற்றாசிரியர் ஹுவான் தெ மரியானாவும் இதைக் கடுமையாகக் கண்டித்து எழுதினார். அதே ஆட்டம் பிரெஞ்சு அரசவைக்குப் போய் வேகம் தணிந்தது. பாக்கின் கைக்கு வந்தபோது தொடர் முழுவதிலும் மிகவும் ஆழ்ந்த, ஜெபம் போன்ற பகுதியாக ஆகிவிட்டது. தெருவில் ஆடிய கால்கள் எங்கே, இந்த மௌனம் எங்கே!

பாக் 1717 முதல் 1723 வரை கோத்தன் என்னும் சிற்றரசில் இசைப் பொறுப்பாளராக இருந்தார். அந்த அரசவை கால்வினிய மரபைச் சேர்ந்தது. வழிபாட்டில் ஆடம்பரமான இசைக்கு இடமில்லை. ஆனால் இளவரசர் லெயோபோல்ட் தாமே வாத்தியம் வாசிக்கும் ரசிகர். ஆகவே, பாக் அங்கே வாத்திய இசையையே மிகுதியாக எழுதினார். செல்லோவுக்கான ஆறு ஸ்வீட்டுகளும் அக்காலத்தவையே என்று கருதப்படுகிறது. அவருடைய சொந்தக் கையெழுத்துப் பிரதி கிடைக்கவில்லை. மனைவி அன்னா மக்தலேனா எடுத்த நகல் நம்மிடம் உள்ளது.

செல்லோவுக்கு நான்கு தந்திகள். வில் ஒரே சமயத்தில் இரண்டு தந்திகளில்தான் நிலைத்து ஒலிக்க முடியும். பக்கவாத்தியம் கிடையாது. பாக் என்ன செய்கிறார்? கீழே ஒரு சுரத்தைத் தொட்டுவிட்டு மேலே தாவுகிறார். மீண்டும் கீழே வந்து அடுத்ததைத் தொடுகிறார். விட்ட சுரம் நம் காதிலேயே தொடர்ந்து நிற்கிறது. ஒருவர் வாசிக்க, மூவர் பேசிக்கொள்வதுபோலத் தோன்றும். மீதியை நிரப்புவது கேட்பவரின் செவிதான்.

இதைப் பலர் நெடுங்காலம் நம்பவில்லை. வெறும் பயிற்சிப் பாடம் என்றே எண்ணினார்கள். ஷூமான் 1853இல் இவற்றுக்குப் பியானோ துணை எழுதிச் சேர்த்தார். கச்சேரிகளில் யாராவது ஒரு சரபாந்தையோ கவோட்டையோ மட்டும் பிய்த்தெடுத்து வாசிப்பார்கள். 1890இல் பார்சலோனாவில், பதின்மூன்று வயதுச் சிறுவன் பாப்லோ கசால்ஸ் பழைய இசை ஏடுகள் விற்கும் கடையொன்றில் இந்த ஆறையும் கண்டெடுத்தான். பன்னிரண்டு ஆண்டுகள் பயின்ற பிறகே ஒன்றை மேடையில் முழுமையாக வாசிக்கத் துணிந்ததாக அவரே பிற்காலத்தில் கூறினார். முகவுரை முதல் ஜீக் வரை ஒன்றையும் விடாமல், துணையின்றி வாசித்தார். அப்போதுதான் துண்டுகளாகக் கிடந்தவை ஒரே உடலின் உறுப்புகள் என்று உலகம் கண்டுகொண்டது. தம் நாட்டில் உள்நாட்டுப் போர் நடந்துகொண்டிருந்த 1936இல்தான் அவருடைய ஒலிப்பதிவு தொடங்கியது. ஆறும் நிறைவுறுவதற்குள் 1939 ஆகிவிட்டது.

இப்போது ஒலிக்கப்போவது அவர் 1936இல் லண்டனில் பதிவு செய்த மூன்றாவது ஸ்வீட். பழைய இசைத்தட்டின் இரைச்சலைப் பொறுத்தருளுங்கள். முதலில் சுரவரிசை ஒன்று மேலிருந்து படியிறங்கி, செல்லோவின் மிகத் தாழ்ந்த தந்தியில் வந்து நிற்கும். அந்த அடித்தளச் சுரத்தை மனத்தில் பிடித்துக்கொள்ளுங்கள். தொடர் முழுவதும் அங்கேதான் வீடு திரும்பும். ஒவ்வொரு நடனத்துக்கும் இரு பாதிகள் உண்டு. சரபாந்துக்குப் பின் வரும் இரண்டு பூரேக்களில் இரண்டாவது, முகம் வாடியதுபோல் ஒலிக்கும். முதலாவது மீண்டும் வந்து அதைத் தேற்றும். இடையிடையே சிறு மௌனங்கள் வரும். அவை முடிவல்ல. ஜீக் ஓய்ந்த பிறகு கைதட்டலாம். அதுவரை கரங்களை மடிமீது வைத்திருக்கும்படி அன்புடன் கேட்டுக்கொள்கிறோம்.