ஆறாத தழும்புப் புண்ணும் அறுவை சிகிச்சையும்

(வானொலி வேளாண் நிகழ்ச்சியில் ஓர் அறுவை மருத்துவர் ஆற்றிய உரை)



நடவும் களையெடுப்பும் நடக்கிற நாளில் காலில் இருக்கிற புண்ணை யாரும் குனிந்து பார்ப்பதில்லை. வேலை ஓய்ந்த பிறகுதான் "இது இன்னும் ஆறலையே" என்ற நினைப்பே வருகிறது. அப்படி ஆறாமல் கிடக்கிற ஒரு வகைப் புண்ணைப் பற்றியும், அதற்கு அறுவை சிகிச்சை என்றால் என்னவெல்லாம் நடக்கும் என்பதைப் பற்றியும் இன்றைக்குப் பேசலாம் என்றிருக்கிறேன்.

நாலு வருஷத்துக்கு முன்னால் ஓர் அம்மா என்னிடம் வந்தாங்க. வயது 52. நடவு வேலைக்குப் போகிறவங்க. சின்ன வயசில் நெல் அவிக்கிற அண்டா சாய்ந்து, முழங்காலுக்குக் கீழே வெந்துபோய் ஆறின தழும்பு. 40 வருஷமாகத் தழும்பு தழும்பாகவே இருந்திருக்கிறது. பிறகு சேற்றில் இறங்கினால் வெடிப்பதும், கோடையில் ஆறுவதுமாகக் கொஞ்ச காலம். கடைசி ஒரு வருஷமாக ஆறவே இல்லை. மஞ்சளும் வேப்பிலையும் அரைத்துப் போட்டாங்க, ஊதா மருந்து தடவினாங்க. என்னிடம் வரும்போது புண்ணின் ஓரம் தடித்து, மேடு கட்டி, காலிபிளவர் மாதிரி பொங்கியிருந்தது. தொட்டால் ரத்தம். "ஏம்மா இத்தனை நாள் வரல்லே?" என்றேன். "வலிக்கல்லீங்களே டாக்டர்" என்றாங்க.

அந்த வலிக்காததுதான் வம்பு. அது தோல் புற்றுநோய்.

வெள்ளைக்காரர்களுக்குத் தோல் புற்று பெரும்பாலும் வெயிலால் வருகிறது. ஆஸ்திரேலியாவில் விவசாயிகள் தொப்பியும் முழுக்கைச் சட்டையும் போடாமல் வயலுக்குப் போகக்கூடாது என்று சொல்வதே இதற்காகத்தான். நம்முடைய கறுத்த தோலுக்கு வெயிலைத் தாங்கும் சக்தி கூடுதல். அதனால் நமக்கு இது அபூர்வம். ஆனால் வருகிறபோது, யாரும் எதிர்பார்க்காத இடத்தில் வருகிறது: பழைய தீக்காயத் தழும்பில், வருஷக்கணக்காக ஆறாத புண்ணில், உள்ளங்காலில். தழும்பில் எழுகிற இந்த மாதிரிப் புண்ணை 1828-இல் மார்ஜொலின் என்ற பிரெஞ்சு மருத்துவர் விவரித்து எழுதினார். அது புற்று என்பதைப் பின்னால் வந்தவர்கள் கண்டார்கள். இருந்தாலும் பேர் அவர் பேராகவே நிலைத்துவிட்டது. வெந்த இடத்தில் இது முளைக்கச் சாதாரணமாக 30 வருஷம்கூட ஆகும். அதனால்தான் நாம் இரண்டையும் முடிச்சுப் போட்டுப் பார்ப்பதில்லை. உள்ளங்காலில் வருவது கறுப்புப் பொட்டாகத் தொடங்கும். முள் குத்தின இடம் என்று விட்டுவிடுவோம். பொட்டு பெரிதாகிக்கொண்டே போனால் அது முள் இல்லை.

அந்த அம்மாவுக்குப் புண்ணின் ஓரத்திலிருந்து பயறு அளவு சதை எடுத்துச் சோதிக்கணும் என்றேன். மரத்துப்போக ஊசி போட்டு, ஐந்து நிமிஷத்தில் முடிகிற வேலை. கூட வந்த அண்ணன் பிடிவாதமாகத் தடுத்தார். "கத்தி பட்டா புத்து ஒடம்பு பூராப் பரவிடுங்க. எங்க ஊர்ல ஒருத்தர் அப்படித்தான் போனார்" என்றார்.

இதைச் சொல்லாத குடும்பம் குறைவு. அதனால் பதிலைக் கொஞ்சம் விவரமாகவே சொல்கிறேன். அந்த ஊர்க்காரர் எப்போது ஆஸ்பத்திரிக்குப் போயிருப்பார்? நோய் நெறி வரைக்கும், நுரையீரல் வரைக்கும் ஏறின பிறகு. பரவியது முந்தி, கத்தி பட்டது பிந்தி. பழி மட்டும் கத்திக்கு. இன்னொன்றும் உண்டு. அரைகுறையாக வெட்டினால், அல்லது காரம் வைத்துச் சுட்டால், திரும்ப முளைக்கத்தான் செய்யும். கோரையை மேலாக அறுத்துவிட்டு வந்தால் என்ன ஆகும்? நாலாம் நாள் முளைத்து நிற்கும். கிழங்கோடும் சுற்றியுள்ள மண்ணோடும் தோண்டினால்தானே போகும்? நாங்கள் செய்வதும் அதுதான். புண்ணை மட்டும் எடுப்பதில்லை. சுற்றிலும் நல்ல தோலையும் சேர்த்தே எடுக்கிறோம். முகத்தில் வரும் சின்னப் புற்றுக்கு அரை சென்டிமீட்டர் போதும். தழும்பில் முளைத்ததற்கு 2 சென்டிமீட்டர் வரை எடுப்போம். "ஏன் இவ்வளவு பெரிய குழி?" என்று கட்டுப் பிரிக்கும்போது பயப்படாதீர்கள். பெரிசாக எடுத்தது உங்கள் நன்மைக்கே.

அண்ணன் ஒருவழியாகச் சம்மதித்தார். சோதனையில் புற்று என்றே வந்தது. அரையில் நெறி கட்டியிருக்கிறதா என்று கையால் பார்த்து, ஸ்கேனும் எடுத்தோம். நெறி இல்லை. நோய் எலும்பைத் தொடவில்லை என்பதும் படத்தில் தெரிந்தது.

அறுவைக்கு முந்தின இரவுக்குப் பிறகு சாப்பாடு கிடையாது. முதுகில் ஊசி போட்டால் இடுப்புக்குக் கீழே மரத்துவிடும். ஆள் விழித்திருப்பார், பேசலாம், வலி தெரியாது. மரப்பு விட நாலைந்து மணி நேரம் ஆகும். அதுவரை காலை அசைக்க முடியவில்லையே என்று கலங்க வேண்டாம்.

சின்னப் புண்ணானால் இழுத்துத் தையல் போட்டுவிடலாம். காலில் தையல் பிரிக்க இரண்டு வாரம் ஆகும், முகத்தில் ஒரு வாரத்துக்குள் பிரித்துவிடுவோம். இந்த அம்மாவுக்குக் குழி பெரிசு, இழுத்துத் தைக்க முடியாது. ஆகவே தொடையிலிருந்து மெல்லிய தோலைச் சீவி எடுத்து அங்கே பதித்தோம். அரை மில்லிமீட்டர் கனம்கூட இருக்காது. நாற்றங்காலில் பறித்து வயலில் நடுகிற மாதிரிதான். நட்ட நாற்று பச்சை பிடிக்கிற வரைக்கும் நீங்கள் எவ்வளவு பதனமாகப் பார்ப்பீர்கள்? இந்தத் தோலுக்கும் அடியிலிருந்து ரத்தக்குழாய் ஏறிப் பச்சை பிடிக்க ஐந்திலிருந்து ஏழு நாள் ஆகும். அதற்குள் தோல் ஒரு நூல் அளவு நகர்ந்தாலும், அடியில் ரத்தமோ நீரோ கட்டினாலும் பிடிக்காது. அதனால்தான் காலை இரண்டு தலையணை மேல் தூக்கி வைத்து, அசையாமல் படுக்கச் சொல்கிறோம். "ஒரே ஒரு தடவை பாத்ரூம் போயிட்டு வந்திடறேன்" என்று நர்ஸம்மாவுக்குத் தெரியாமல் இறங்குகிறவர்கள்தான் எங்களுக்குப் பெரிய சோதனை!

ஐந்தாம் நாள் வாக்கில் கட்டைப் பிரித்துப் பார்ப்போம். தோல் இளஞ்சிவப்பாக ஒட்டியிருந்தால் நல்லது. ஓரத்தில் ஓரிரு இடம் கறுத்திருந்தால் பாதகமில்லை, தானே ஆறும்.

ஒரு சங்கதி முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். அறுத்த இடத்தைவிடத் தோல் எடுத்த தொடைதான் அதிகமாக எரியும். சிராய்த்த முழங்கால் எப்படி எரியும், அப்படி. வலி மாத்திரை தருவோம். அந்தக் கட்டை 10, 14 நாள் தொடக்கூடாது. கட்டு காய்ந்து முரடாகி, கொஞ்சம் வாடைகூட வரும். ஆறினால் தானே கழன்று விழும். பிய்த்து இழுத்தால் ஆறின தோலும் கூடவே வந்துவிடும். ஆனால் காய்ச்சல், கட்டைத் தாண்டி வழிகிற சீழ், நாளுக்கு நாள் ஏறுகிற வலி, சுற்றிலும் சிவந்து பரவுவது, இவற்றில் ஒன்று வந்தாலும் அடுத்த கட்டு நாள் வரை காத்திருக்காமல் ஓடி வாருங்கள்.

வீட்டில் நடக்கிற பெரிய தப்பு பத்தியம். புண் சீழ் பிடிக்கும் என்று முட்டை, மீன், பருப்பு எல்லாவற்றையும் நிறுத்திக் கஞ்சியும் ரசமுமாகப் போடுகிறார்கள். புதுத் தோல் எதைக் கொண்டு வளரும்? நாளுக்கு இரண்டு முட்டை கொடுங்கள். சைவக்காரர்கள் பருப்பு, சுண்டல், தயிர், முருங்கைக்கீரை என்று சாப்பிடட்டும். சர்க்கரை வியாதி இருந்தால் அதைக் கட்டுக்குள் வைப்பது பாதி வைத்தியம். பீடியை விட்டே ஆக வேண்டும். புகை ரத்தக்குழாயைச் சுருக்கிவிடும், வைத்த தோல் பட்டுப்போகும். புகையிலை போடுகிறவர்களுக்கும் அதே பேச்சுதான்.

காலைத் தொங்கவிட்டு உட்கார முதலில் ஐந்து நிமிஷம், பிறகு பத்து நிமிஷம் என்று பழக்குவோம். தோல் ஊதா நிறமாக மாறினால் திரும்பத் தூக்கி வைக்கணும். நடக்கும்போது சுருள் கட்டு கட்டிக்கொள்ள வேண்டும். பதித்த தோலுக்கு வேர்வையும் எண்ணெய்ப்பசையும் கிடையாது. ஆறிய பிறகு தினம் இரண்டு வேளை தேங்காய் எண்ணெய் தடவாவிட்டால் வெடிக்கும். முதலில் அங்கே உணர்ச்சியும் இருக்காது. அடுப்பு, வெந்நீர், முள் எது பட்டாலும் தெரியாது, கண்ணால்தான் பார்த்துக்கொள்ள வேண்டும். சேற்றில் இறங்குவதை இரண்டு மூன்று மாதம் மறந்துவிடுங்கள்.

எடுத்த சதை முழுவதும் சோதனைக்குப் போகும். ஓரத்தில் நோய் மிச்சம் என்று வந்தால் இரண்டாம் தடவை எடுக்க வேண்டியிருக்கும். மருத்துவர் தப்புப் பண்ணிவிட்டார் என்று அப்போது மனம் உடைந்து ஊருக்குப் போய்விடாதீர்கள்.

அதே மாதம் இன்னொரு பெரியவரும் வந்தார். அவருக்கும் தீக்காயத் தழும்புதான். யாரோ காரம் வைத்துச் சுட்டதில் ஒன்றரை வருஷம் போயிருந்தது. எலும்பு வரைக்கும் இறங்கிவிட்டது. முழங்காலுக்குக் கீழே காலை எடுக்கத்தான் முடிந்தது. அவர் இப்போது ஜெய்ப்பூர் கால் போட்டுக்கொண்டு வரப்பில் நடக்கிறார். ராம் சந்திர சர்மா என்ற கைவினைஞரும் டாக்டர் பி.கே. சேத்தியும் 1968 வாக்கில் ஜெய்ப்பூரில் உருவாக்கியது அது. செருப்பில்லாமல் நடக்கலாம், குந்தி உட்காரலாம், தண்ணீரிலும் இறங்கலாம். நல்ல கால்தான். ஆனால் ஒன்றரை வருஷம் முன்னால் வந்திருந்தால் சொந்தக் காலே இருந்திருக்கும்.

செலவுக்குப் பயந்து தள்ளிப்போடாதீர்கள். அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் இந்த அறுவை செய்கிறார்கள். முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்ட அட்டை இருந்தால் அதையும், குடும்ப அட்டை, ஆதாரையும் முதல் நாளே கையோடு கொண்டு போங்கள்.

முதல் இரண்டு வருஷம் மூன்று மாதத்துக்கு ஒரு தடவை காட்ட வேண்டும். திரும்ப வருவதானால் பெரும்பாலும் அதற்குள் வரும். நடுவில் நீங்களே பார்த்துக்கொள்ள எண்ணெய்க் குளி நாளே தோது. எண்ணெய் தேய்க்கும்போது தழும்பைச் சுற்றியும் அரையிலும் தடவிப் பாருங்கள், கட்டி ஏதாவது தட்டுப்படுகிறதா என்று.

அந்த அம்மா போன மாதம் வந்திருந்தாங்க. கால் சுத்தமாக இருக்கிறது. "நடவுக்குப் போலாமா டாக்டர்?" என்று கேட்டாங்க. காலுக்கு நீண்ட ரப்பர் பூட்ஸ் போட்டுக்கொண்டு போங்க, வந்ததும் கழுவித் துடைத்து எண்ணெய் தடவுங்க என்று சொல்லி அனுப்பினேன்.