வண்டிக்குப் பூட்டும் அணிகள்

(நம் சங்கத்தின் திங்கட் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



மோட்டார் காரை வாங்கிய பின்னர் அதனை மாற்றியமைப்பதற்கென்று நம் இளைஞர் செலவிடும் பொருளைப் பற்றிச் சில சொல்லுமாறு செயலாளர் எம்மைப் பணித்தனர். இலக்கணம் கற்பிப்பவனுக்கும் கார்ப் பட்டறைக்கும் என்ன தொடர்பு என்று நீங்கள் நகைக்கலாம். எமக்குக் கார் இல்லை, ஓட்டவும் அறியோம். ஆயினும் சென்ற ஆனித் திங்களில் எம் கைக்கு வந்த ஒரு கணக்குச் சுவடி இப்பொருளை எம் நெஞ்சினின்றும் அகலாதவாறு செய்துவிட்டது.

நம் சங்கத்தார் ஒருவர் அன்று மாலை எம் இல்லத்திற்கு வந்தார். "ஐயா! உங்களிடம் படித்த பிள்ளை. எங்கள் பேச்சு அவன் காதில் ஏறுவதில்லை. இதைச் சற்றுப் பாருங்கள்" என்று சொல்லி அச்சுவடியைக் கொடுத்தார். அஃது அவர் மகன் தன் கைப்பட எழுதி வைத்த செலவுக் கணக்கு. தந்தையும் மகனும் இசைந்தமையால் அதனை இங்கே எடுத்துரைக்கின்றோம்; பெயர் மட்டும் வேண்டா.

பிறர் ஓட்டிய கார் ஒன்றை அவ்விளைஞன் 4,20,000 ரூபாவுக்கு வாங்கினான். அதில் 3,00,000 வங்கிக் கடன். மூன்று திங்கள் கழிவதற்குள் பழைய சக்கரங்களைக் கழற்றிவிட்டு அலாய் வீல் பூட்டினான், அதற்கு 52,000. சக்கரத்தின் அளவு மாறவே பழைய டயர் பொருந்தாதாயிற்று; புது டயருக்கு 40,000. சக்கரத்திற்கும் மேல்தகட்டிற்கும் நடுவே இடைவெளி தோன்றுவது அழகன்று என்று நண்பர் கூறினர். வண்டியைத் தாழ்த்தும் ஸ்பிரிங்குக்கு 28,000. எஞ்சினை ஆளும் சிறு கணினியின் கட்டளைகளை மாற்றியெழுதி விசை கூட்டுதற்கு 30,000. கூடிய விசைக்கேற்ற சைலன்சர் 35,000. பாட்டுக் கருவிகள் 85,000. வண்டி முழுதும் நிறம் மாற்றி ஒட்டிய ஸ்டிக்கர் 65,000. விளக்குகள் 15,000. கூட்டினால் 3,50,000 ரூபா. ஒரு செலவு அடுத்த செலவைக் கைப்பிடித்து அழைத்து வந்த முறையை நோக்குமின். முதல் நாளிலேயே ஒருவர் மூன்றரை இலட்சம் என்று சொல்லியிருப்பின், அவன் கடை வாயிலிலேயே திரும்பியிருப்பான் என்பது எம் எண்ணம்.

இவ்வெண்களுக்கு நடுவே ஒரு வரி எம்மை நிறுத்திற்று. "அம்மா சங்கிலி 1,20,000" என்பது அவ்வரி. அடகு வைக்கப்பட்ட அச்சங்கிலியைப் பற்றி அவ்வன்னையார் ஓராண்டு வரை தம் கணவரிடமும் வாய் திறந்திலர்.

பின்னர்த் தங்கையின் கல்லூரிக் கட்டணம் வந்து நின்றது. காரை விற்பதென்று முடிவு செய்து தரகரிடம் கொண்டு சென்றனர். அவர் 3,60,000 தருவதாகச் சொன்னார். அதுவும் பழைய சக்கரமும் பழைய சைலன்சரும் மீண்டும் பூட்டித் தந்தால்தான் என்றார். மாற்றிய வண்டியைக் கண்டால், இதனைக் கடுமையாக ஓட்டியிருப்பர் என்று வாங்குவோர் அஞ்சுவராம். மூன்றரை இலட்சத்தின் அணிகளெல்லாம் விலையைக் கூட்டாததோடு குறைக்கவும் செய்தன. இளைஞனோ பழைய சக்கரங்களை எண்ணாயிரம் ரூபாவுக்கு அந்நாளே தள்ளிவிட்டிருந்தான்.

யாம் அவனை அழைத்துப் பேசினோம். அவன் தலைகுனிந்து நிற்கவில்லை. "ஐயா, அமெரிக்காவிலே ஒரு சமூகமே இதைச் செய்கிறது. அவர்கள் வண்டியை அரும்பொருளாக வைத்துப் போற்றுகிறார்கள்" என்று கைப்பேசியில் சில படங்களைக் காட்டினான். மாணாக்கன் ஒரு சான்று காட்டினால் அதனை ஆராயாது மறுத்தல் ஆசிரியனுக்கு அழகன்று. ஆதலின் சில நாள் படித்துப் பார்த்தோம். அவன் கூறியதில் உண்மையும் இருந்தது.

இரண்டாம் உலகப்போருக்குப் பின்னர் லாஸ் ஏஞ்சலிஸ் நகரின் கிழக்குப் பகுதியில் வாழ்ந்த மெக்சிக வழியினர் பழைய கார்களை வாங்கித் தரையைத் தொடுமளவு தாழ்த்தினர். பின்பெட்டியில் மணல் மூட்டை ஏற்றுவர்; ஸ்பிரிங்கை அறுப்பர். விரைந்து செல்லுதல் அவர்தம் நோக்கமன்று. மின்னும் வண்டியில், அனைவரும் காண, மெல்லச் செல்லுதலே நோக்கம். இவ்வண்டிகளை லோரைடர் என்பர். சக்கரத்தின் விளிம்புக்குக் கீழே வண்டியின் எப்பகுதியும் தாழலாகாது என்று கலிபோர்னியாவில் 1958இல் சட்டம் பிறந்தது. அடுத்த ஆண்டிலேயே ரான் அகிர்ரே என்னும் இளைஞர், எண்ணெய் அழுத்தத்தால் இயங்கும் பம்புகளைத் தம் காரிற் பொருத்தி, விசையைத் தட்டினால் வண்டி உயரவும் தாழவும் செய்தார். காவலர் அளக்க வருங்கால் வண்டி சட்டப்படி நிமிர்ந்து நிற்கும். அவர் சென்றபின் படுத்துக்கொள்ளும். இதனைப் படித்தபோது எமக்கும் சிரிப்பு வந்தது.

அவர்களும் நம்மைப் போன்று சங்கம் வைத்தவர்கள். இம்பீரியல்ஸ் என்னும் சங்கத்தைச் சேர்ந்த ஜெஸ்ஸி வலாடெஸ் என்பாருடைய 1964ஆம் ஆண்டு ஷெவர்லே இம்பாலா, உடலெங்கும் ரோசா மலர்கள் தீட்டப்பெற்றது. 'ஜிப்சி ரோஸ்' என்பது அதன் பெயர். 2017இல் அதனை அந்நாட்டின் வரலாற்று வண்டிகளின் பட்டியலிற் சேர்த்து, வாஷிங்டன் நகரில் கண்ணாடிக் கூண்டில் வைத்துக் காட்டினர். பழைய சட்டத்தடையும் 2024 சனவரி முதல் நாளில் நீங்கிற்று. நகரத்தார் ஏறிட்டும் பாராத மக்கள், தெருவில் நிமிர்ந்து தோன்றுதற்கு ஒரு காரைக் கருவியாகக் கொண்டனர் என்பதை உணர்கின்றோம். அதனை வெறும் ஆடம்பரம் என்று தள்ள எமக்கு மனமில்லை. ஆயினும் அவ்வண்டிகளுக்குப் பல்லாயிரம் டாலர் சென்றது. அதில் எத்தனை வீட்டின் வாடகை கரைந்தது என்பதைக் கண்ணாடிக் கூண்டின் மேல் எழுதுவாரில்லை. இன்று அமெரிக்க நாட்டில் இவ்வகை உறுப்புகளின் வாணிகம் ஆண்டுக்கு 5,000 கோடி டாலருக்கு மேற்பட்டது என்று அவ்வணிகர் சங்கமே கணக்குச் சொல்லுகிறது.

நம் நாட்டுச் சான்றும் உண்டு. சோழவரத்தில் போர்க்காலத்து விமானத் தளத்தில் கார்ப் பந்தயம் நடந்ததைப் பெரியோர் பலர் நினைவில் வைத்திருப்பீர்கள். அதிற் பெயர் பெற்றவர் கோவை எஸ். கரிவரதன். மாருதி 800 எஞ்சினைக் கொண்டு சிறிய பந்தயக் கார்களை நம் நாட்டிலேயே செய்து, அயல்நாட்டு வண்டி வாங்க இயலாத இளைஞரும் களமிறங்க வழி செய்தார். அவர் 1995இல் விமான விபத்தில் மறைந்தார். செட்டிபாளையத்துப் பந்தயச் சாலை அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது. அவர் ஆலைக் குடும்பத்துச் செல்வர் என்பதை மறைக்க வேண்டா. ஆயினும் அவர் செலவிட்ட பொருளால் ஒரு கைத்திறன் ஊரில் தங்கிற்று. நம் இளைஞன் செலவிட்ட மூன்றரை இலட்சத்தில் அவன் கை ஒரு திருகாணியையும் திருகியதில்லை. யாம் அவனிடம் கண்ட குறை இஃதொன்றே. இதனைச் சொன்னபோதுதான் அவன் முகம் வாடிற்று.

சட்டத்தையும் அறிதல் வேண்டும். 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவின்படி, தொழிற்சாலையார் வகுத்த அமைப்பிற்கு மாறாக வண்டியைத் திருத்தலாகாது. 2019 சனவரியில் உச்சநீதிமன்றமும் இதனை உறுதி செய்தது. அவ்வாண்டுத் திருத்தத்தின்படி மாற்றம் ஒவ்வொன்றுக்கும் 5,000 ரூபா தண்டமோ, ஆறு திங்கள் வரை சிறையோ, இரண்டுமோ விதிக்கலாம். நிறமும் பதிவுச் சான்றில் எழுதப்பட்டதே. சொல்லாமற் செய்த மாற்றத்தைக் காட்டி இன்ஷூரன்ஸ் நிறுவனம் விபத்துக்காலத்தில் வழக்காடவும் கூடும். சட்டம் எல்லாவற்றையும் மறுக்கவில்லை: கால் வலுவிழந்தோர் கையாலேயே பிரேக்கும் ஆக்சிலேட்டரும் இயக்குமாறு வண்டியை அமைத்து, ஆர்.டி.ஓ. அலுவலகத்திற் பதிவு செய்துகொள்ளலாம். அதனினும் சிறந்த மாற்றம் ஒன்றை யாம் அறியோம்.

இளைஞரை மட்டும் சொல்லி அமைதல் நேர்மையன்று. சென்ற ஆண்டுவிழாவன்று மண்டபத்து வாயிலில் நின்று, வந்த வண்டிகளைப் பார்த்திருந்தோம். முன்னால் இரும்புத் தடுப்பு பூட்டியவை ஒன்பது. மோதலின்போது காற்றுப்பை உரிய நொடியில் விரியாமற் கெடுக்குமென்று 2017 திசம்பரிலேயே மைய அரசு தடுத்த பொருள் அது. கண்ணாடிக்குக் கறுப்புத் தாள் ஒட்டியவை பல. அதனை உச்சநீதிமன்றம் 2012இல் விலக்கிற்று. ஒரு வண்டியின் பின்கண்ணாடி முழுதும் நம் குலப்பெயர் எழுதியிருந்தது. பின்னே வருவது அவ்வோட்டுநர்க்கு எவ்வாறு தெரியுமோ! அதிலிருந்து இறங்கியவர் ஐம்பதைக் கடந்தவர், நம் செயற்குழுவினர். அவர் இம்மன்றத்தில் இருக்கின்றார், எம்மைப் பொறுத்தருள்க.

காரை விற்ற பணம் வங்கிக் கடனுக்கும் சங்கிலிக்கும் சென்றது. ஆதலின் தங்கையின் முதலாண்டுக் கட்டணத்தை நம் கல்வி நிதியிலிருந்து கடனாகக் கொடுத்தோம். பூ விற்றுத் திங்கள்தோறும் ஐம்பது ரூபா செலுத்தும் அம்மையாரின் பணமும் அந்நிதியில் இருக்கிறது. அதனாலேயே இச்செய்தி உங்கள் முன் வைக்கப்பட்டது. அண்ணன் மாதம் ஆறாயிரமாக அதனைத் திருப்பி வருகிறான். மூன்று தவணை வந்துவிட்டது. ஞாயிற்றுக்கிழமைகளில் யாம் மேலே சொன்ன கைவிசை அமைக்கும் பட்டறையொன்றில் கூலியின்றி நின்று தொழில் கற்கிறான். அலாய் வீல்கள் பாதி விலைக்குப் போயின. சைலன்சரை வாங்குவாரில்லை, அது வீட்டுப் பரண்மேற் கிடக்கிறது. அவன் இன்று மூன்றாம் வரிசையில் அமர்ந்திருக்கிறான். கணக்கு எழுதும் முறையை அவனிடம் கேட்க விரும்பும் இளைஞர் கூட்டம் முடிந்தபின் கேட்கலாம். சுவடியைக் கொண்டு வந்திருக்கிறான்.