வீட்டுப் பதிவும் பழைய கேசட்டின் இதமும்

(நம் சங்கத்தின் காலாண்டுக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)



நம் நெய்வேலியில் மார்கழி வந்தால் திருப்பாவை, நவராத்திரி வந்தால் கொலுப் பாட்டு. எல்லாவற்றையும் போனிலோ கம்ப்யூட்டரிலோ பதிவு செய்து அனுப்புகிறீர்கள். கேட்பவர்கள் சொல்வது ஒன்றுதான்: "தெளிவா இருக்கு, ஆனா பழைய கேசட்டில் இருந்த இதம் இல்லையே!"

அந்த இதம் உண்மையில் டேப்பின் ஒரு குறை. டேப்பில் உள்ள காந்தத் துகள்கள் ஓர் அளவுக்கு மேல் ஒலியை ஏற்காது. ஆனால் சட்டென்று மறுக்காமல் மெல்ல மெல்ல மறுக்கும். அதனால் குரலின் உச்சங்கள் உருண்டு வரும். 'ஸ' என்ற சீறலும் ஜால்ராவின் கூர்மையும் சற்று அடங்கும். கூடவே மெல்லிய துணை ஒலிகளும் சேரும். காதுக்கு அது இதமாகப் படுகிறது.

டிஜிட்டல் கறாரான கணக்குப்பிள்ளை. 1982-ல் வந்த சி.டி., ஒலியை வினாடிக்கு 44,100 முறை அளந்து எண்ணாக எழுதியது. நம் பதிவுகளும் அதே வழிதான். எண்ணுக்கு உச்சவரம்பு உண்டு. அதைத் தாண்டிய ஒலி தட்டையாக வெட்டுப்படும். வெட்டுப்பட்டதை எந்த மென்பொருளும் முழுதாக மீட்டுத் தராது.

ஆகவே இதத்தைச் சேர்ப்பது கடைசி வேலை. அதற்கு முன் மூன்று வேலைகள் உண்டு.

ஒன்று: உரத்த இடத்திலும் மீட்டர் மைனஸ் 12 டெசிபலைத் தாண்டாமல் பதியுங்கள். வங்கிக் கணக்கில் மினிமம் பேலன்ஸ் வைப்பது போலத்தான்.

இரண்டு: மின்விசிறியை நிறுத்துங்கள். வெற்றுச் சுவர் எதிரொலிக்கும். திரைச்சீலை, மெத்தை உள்ள அறை நல்லது. மைக் ஓர் அடி தள்ளி, வாய்க்குச் சற்றுப் பக்கவாட்டில் இருக்கட்டும்.

மூன்று: இரைச்சல் நீக்கும் வசதியை அணைத்துவிடுங்கள். ஒரே சீராக ஒலிப்பதால் தம்புராவையும் அது மின்விசிறிச் சத்தம் என்று நினைத்து விழுங்கிவிடும்.

பிறகு ஒரு நகல் எடுத்து, அதில் மட்டும் இதம் சேருங்கள். ஆடாசிட்டி என்ற மென்பொருள் இலவசம். அதில் 'டிஸ்டார்ஷன்' பகுதியில் 'சாஃப்ட் கிளிப்பிங்' இருக்கிறது. டேப் செய்வதை ஏறத்தாழ அதுவும் செய்யும். சாம்பாருக்குப் பெருங்காயம் போல ஒரு துளி போதும். உரக்கக் கேட்பதெல்லாம் நல்லதாகத் தோன்றும். அதனால் அசல், நகல் இரண்டின் சத்தத்தையும் சமமாக வைத்து ஒப்பிடுங்கள்.

வீட்டில் இதெல்லாம் நடக்குமா என்று தயங்க வேண்டாம். 1992-ல் வந்த 'ரோஜா' படத்தின் இசை, கோடம்பாக்கத்தில் ஏ.ஆர்.ரஹ்மான் தம் வீட்டோடு அமைத்த கூடத்தில் உருவானதுதான்.

வங்கியில் அசல் வவுச்சரில் யாரும் கை வைக்கமாட்டோம். அசல் பதிவும் அப்படித்தான். அதை இரண்டு இடங்களில் பத்திரப்படுத்துங்கள். இதத்தை அடுத்த வருஷமும் சேர்க்கலாம். எண்பதைத் தாண்டிய பாட்டியின் குரலை அடுத்த வருஷம் பதியலாம் என்று மட்டும் தள்ளிப்போடாதீர்கள். இந்த வாரமே உட்கார வைத்துப் பாடச் சொல்லுங்கள்.