அயல்நாட்டில் வளரும் நம் பிள்ளைகளும் பள்ளித் தேர்வும்

(ஜமாஅத் ஆண்டுப் பொதுக்கூட்டத்தில் ஆற்றப்பெற்ற உரையின் எழுத்து வடிவம்)

  

1964ஆம் ஆண்டில் அம்பத்தூர்த் தொழிற்பேட்டை தோன்றியது. அங்கும் ஆவடியிலும் தொழில் கற்ற நம்மவர் பலர் பின்னர் துபாய்க்கும் ஷார்ஜாவுக்கும் தம்மாமுக்கும் ஜித்தாவுக்கும் சென்றனர். முதல் தலைமுறையினர் தனியே சென்று பணம் அனுப்பினர். அடுத்த தலைமுறையினரோ மனைவி மக்களையும் உடன் அழைத்துச் சென்றனர். அவர்களது பிள்ளைகளை எந்தப் பள்ளியில் சேர்ப்பது என்னும் கேள்வி இன்று பூவிருந்தவல்லி முதல் ஆவடி வரை நம் வீடுகள் பலவற்றில் எழுந்துள்ளது.

ஷார்ஜாவில் வளரும் நம் பிள்ளை ஒன்றை எண்ணிப் பாருங்கள். வீட்டில் தமிழ், அல்லது நம்மில் ஒரு சாரார் வீடுகளில் உருது. வகுப்பில் ஆங்கிலம். விளையாட்டுத் திடலில் இந்தியும் மலையாளமும். அந்நாட்டுச் சட்டப்படி, அரபியரல்லாத மாணவருக்கும் தனியார் பள்ளிகளில் முதல் வகுப்பிலிருந்து ஒன்பதாம் வகுப்பு வரை அரபுப் பாடம் உண்டு. முஸ்லிம் மாணவருக்கு இஸ்லாமியக் கல்வி பன்னிரண்டாம் வகுப்பு வரை உண்டு. இத்தனை மொழிகளா என்று அஞ்ச வேண்டியதில்லை. மொழிகளின் வேறுபாட்டை இறைவனின் அத்தாட்சிகளுள் ஒன்றாகவே அல்குர்ஆன் (30:22) எண்ணுகிறது. காயல்பட்டினத்திலும் கீழக்கரையிலும் இலங்கையிலும் நம் முன்னோர் தமிழை அரபு எழுத்தில் எழுதி, அர்வி என்று பெயரிட்டு, இரண்டையும் ஒருசேரக் காத்தனர். பிள்ளைகளால் பல மொழிகளைத் தாங்க முடியும். ஆனால் அவற்றுள் ஒன்றையேனும் எழுதவும் படிக்கவும் ஆழமாகக் கல்லாமல், எல்லாவற்றிலும் பேச்சளவில் நின்றுவிடுவதே நாம் கவலைப்பட வேண்டிய நிலை.

அங்குள்ள இந்தியப் பள்ளிகளில் பெரும்பாலானவை மத்தியக் கல்வி வாரியமாகிய சி.பி.எஸ்.இ.யைச் சார்ந்தவை. அவ்வாரியத்தில் தமிழும் ஒரு மொழிப்பாடமே. ஆயினும் வாரியம் அனுமதிப்பது வேறு, பள்ளியில் ஆசிரியர் இருப்பது வேறு. சில பள்ளிகளில் மட்டுமே தமிழ் கற்பிக்கப்படுகிறது. அத்தகைய பள்ளியிலும் மதிப்பெண் எளிதில் கிடைக்கும் என்று சொல்லிப் பிரெஞ்சு மொழியை எடுப்பிக்கும் பெற்றோர் உண்டு. பிள்ளை பாரிசுக்குப் போகப்போவதில்லை, பாடிக்குத்தான் வரப்போகிறது என்பதை அவர்கள் சற்று எண்ணிப் பார்க்கலாம்.

வளைகுடா நாடுகள் நம் மக்களுக்கு நிலையான இருப்பிடம் அல்ல. சவூதி அரேபியா 2017 ஜூலையில் அயல்நாட்டுப் பணியாளரின் குடும்பத்தினருக்குத் தலைக்கு மாதம் 100 ரியால் கட்டணம் விதித்தது. அது ஆண்டுதோறும் உயர்ந்து 2020 ஜூலையில் 400 ரியாலாயிற்று. மனைவியும் மூன்று பிள்ளைகளும் உடைய ஒருவருக்கு அது மாதம் 1,600 ரியால்! குடும்பங்கள் பல ஊர் திரும்பின. அதே 2020இல் கொரோனா வந்து மேலும் பலரைத் திருப்பி அனுப்பிற்று. ஆகவே பள்ளியைத் தேர்வோர் முதலில் கேட்டுக்கொள்ள வேண்டியது, பிள்ளை எந்த வகுப்பில் ஊர் திரும்பும் என்பதையே.

தமிழ்நாட்டில் 2006ஆம் ஆண்டுத் தமிழ் கற்றல் சட்டம் முதல் வகுப்பில் தொடங்கி ஆண்டுக்கு ஒரு வகுப்பாக உயர்ந்து, 2015-16இல் பத்தாம் வகுப்பை எட்டியது. சி.பி.எஸ்.இ. உள்ளிட்ட பிற வாரியப் பள்ளிகளுக்கும் 2015-16 முதல் இவ்வாறே படிப்படியாகத் தமிழ் கட்டாயமாக்கப்பட்டது. மொழிச் சிறுபான்மையினர் நீதிமன்றம் சென்று சில ஆண்டுகள் விலக்குப் பெற்றது உண்மைதான். அதை நம்பி உருது பேசும் குடும்பங்கள் தமிழைக் கைவிடுவது தக்கதன்று. ஏனெனில் 2021 டிசம்பரில் வெளியான அரசாணைப்படி, மாநில அரசுப் பணித் தேர்வுகளில் தமிழ்த் தகுதித் தாளில் 40 விழுக்காடு பெற்றால்தான் மற்றத் தாள்கள் மதிப்பிடப்படும்.

இன்னொன்றும் உண்டு, பலர் இதைக் கவனிப்பதில்லை. அரசுப் பள்ளி மாணவருக்கான 7.5 விழுக்காடு ஒதுக்கீடு மருத்துவப் படிப்புகளுக்கு 2020இலும், பொறியியல் முதலிய தொழிற்படிப்புகளுக்கு 2021இலும் வந்தது. அதனைப் பெற ஆறாம் வகுப்பு முதல் பன்னிரண்டு வரை இங்குள்ள அரசுப் பள்ளியில் பயின்றிருத்தல் வேண்டும். ஒன்பதாம் வகுப்பில் திரும்பும் பிள்ளைக்கு அவ்வாயில் மூடப்பட்டதே. எனவே குறைந்த ஊதியத்தில் குடும்பத்தை உடன் வைத்திருப்போர் ஐந்தாம் வகுப்பு முடிந்ததும் பிள்ளைகளை ஊருக்கு அனுப்புவதே நலம் என்பது எமது கருத்து. தந்தையைப் பிரிந்து பிள்ளை வளரும் வேதனையை நாம் அறியாதவரல்லர். இது கணவனும் மனைவியும் அமர்ந்து பேசி முடிவு செய்ய வேண்டிய ஒன்று. ஊரிலிருந்து தாதிமாவும் தாதாவும் தொலைபேசியில் வற்புறுத்தி முடிப்பதன்று.

சிங்கப்பூரின் நிலை வேறு. அங்குத் தமிழ் ஆட்சிமொழிகள் நான்கனுள் ஒன்று. தொடக்கப்பள்ளி இறுதித் தேர்வின் நான்கு பாடங்களுள் தாய்மொழியும் ஒன்று. கடையநல்லூர் முஸ்லிம்கள் 1946இல் அங்கு நிறுவிய உமறுப்புலவர் தமிழ்ப்பள்ளி பின்னர் உயர்நிலைப் பள்ளியாக வளர்ந்தது. பெற்றோர் ஆங்கிலப் பள்ளிகளை நாடியதால் மாணவர் குறைந்து 1982இல் மூடப்பட்டது. மறு ஆண்டே அப்புலவர் பெயரால் தமிழ்மொழி நிலையம் தொடங்கியது. பள்ளி போயினும் மொழிக்கு ஓர் இடம் வைத்துக்கொண்டனர். தமிழ் இல்லாத பள்ளிகளில் பயிலும் நம் வளைகுடாப் பிள்ளைகளுக்கும் வேண்டுவது அத்தகைய ஓரிடமே. 2001இல் தமிழக அரசு தொடங்கிய தமிழ் இணையப் பல்கலைக்கழகம், இன்று தமிழ் இணையக் கல்விக்கழகம், மழலைக் கல்வி தொடங்கி இணையம் வழியே பாடங்களை வழங்குகிறது.

திரும்பி வருவோர் பள்ளி விடுப்புச் சான்றிதழில் அந்நாட்டுக் கல்வித் துறையின் சான்றொப்பமும் இந்தியத் தூதரகத்தின் சான்றொப்பமும் பெற்று வருதல் வேண்டும். இங்கு வந்தபின் அதற்காக அலைவது பெரும் சிரமம்.

வளைகுடாப் பள்ளிகளின் கோடை விடுமுறை ஜூலை, ஆகஸ்ட் மாதங்களில் வருகிறது. அப்போது இங்குள்ள பிள்ளைகள் பள்ளியில் இருப்பர். விடுமுறைக்கு வந்த பிள்ளைகளோ பகலெல்லாம் தொலைக்காட்சியின் முன் இருப்பர். அவ்விரு மாதங்களில் நமது மக்தபில் காலை வேளையில் ஒரு மணி நேரம் குர்ஆன் ஓதலும் ஒரு மணி நேரம் தமிழ் எழுத்தும் கற்பிக்க நிர்வாகக் கமிட்டி ஏற்பாடு செய்யுமாறு கேட்டுக்கொள்கின்றோம். உருது பேசும் வீட்டுப் பிள்ளைகளையும் அதில் சேர்த்துக்கொள்ள வேண்டும். ஓய்வுபெற்ற ஆசிரியர்கள் நம் மஹல்லாவில் இருக்கின்றனர். அவர்கள் முன்வந்து இக்கூட்டம் முடிந்ததும் செயலாளரிடம் பெயர் தரலாம்.