தைலம் எதற்கு, மருந்து எதற்கு?

(ஸ்பிரிங்வெளி தோட்டத் தாய்மார் கூட்டத்தில் ஆற்றிய உரை)



மறுநடுகைக்கு முன் மலையில் மானாப்புல் போடுகிறோம். அதைக் கசக்கினால் கையெல்லாம் மணக்கும். டர்பன்டைன் இலையும் அப்படித்தான். அந்த வாசனை எண்ணெயில் இருந்து வருவது. பூச்சி, பூஞ்சணம், கிருமி இவற்றிடமிருந்து தன்னைக் காத்துக்கொள்ளச் செடி அதை வைத்திருக்கிறது. பல்வலிக்குக் கராம்பு வை என்று பாட்டி சொன்னதில் உண்மை உண்டு.

கராம்பில் இருப்பது யூஜினோல். கறுவா இலை எண்ணெயிலும் அதுதான் அதிகம். கறுவாப்பட்டை எண்ணெயில் இருப்பது சின்னமல்டிஹைட். இவை கிருமியின் மேலுறையைக் கெடுத்துவிடும். உள்ளே இருப்பது வெளியே கசிந்து கிருமி செத்துப்போகும். புண்ணில் சீழ் வைக்கும் கிருமிகளில், வழக்கமான மருந்துகளுக்கு அடங்காத ஒரு வகை உண்டு. ஆய்வுகூடத் தட்டில் அதுகூட இந்த எண்ணெய்களுக்கு அடங்குகிறது.

“அப்படின்னா ஆஸ்பத்திரி எதுக்கு?” என்று கேட்பீர்கள். தட்டு வேறு, உடம்பு வேறு. கிருமி சாகும் அளவுக்குக் கறுவாப்பட்டை எண்ணெயைப் புண்ணில் ஊற்றினால் தோல் வெந்துபோகும். குடிப்பது அதைவிட ஆபத்து. யூக்கலிப்டஸ் தைலம் ஒரு தேக்கரண்டி உள்ளே போனாலே குழந்தைக்கு வலிப்பும் மயக்கமும் வரலாம். போத்தலை எட்டாத உயரத்தில் வையுங்கள். கடையில் ‘டீ ட்ரீ ஆயில்’ என்று விற்பது நம்முடைய தேயிலையில் எடுப்பதல்ல. அவுஸ்திரேலியாவில் வளரும் வேறொரு மரத்தின் இலையில் எடுப்பது. அதையும் குடிக்கக் கூடாது.

மருந்துக்கு அடங்காத கிருமி எப்படி வருகிறது? களைக்கு மருந்தடித்தும் சாகாமல் நிற்கும் செடிதான் விதைவிட்டு மலை முழுக்கப் பரவும். கிருமியும் அதே மாதிரிதான். 1928இல் பெனிசிலினைக் கண்டுபிடித்த அலெக்சாண்டர் ஃபிளெமிங், 1945இல் நோபல் பரிசு பெற்றபோதே, மருந்தைக் குறைவாக எடுத்தால் கிருமி பழகிவிடும் என்று எச்சரித்தார். 2019ஆம் ஆண்டில் மட்டும், மருந்துக்கு அடங்காத கிருமிகளால் உலகத்தில் சுமார் 12 லட்சத்து 70 ஆயிரம் பேர் இறந்ததாகக் கணக்கிட்டிருக்கிறார்கள்.

ஆகவே “காய்ச்சல் விட்டுருச்சு, இனி குளுசை எதுக்கு?” என்று நிறுத்த வேண்டாம். டாக்டர் சொன்ன நாள் வரைக்கும் கொடுங்கள். மிச்சக் குளுசையைப் பக்கத்துக் காம்பராவுக்குக் கொடுக்க வேண்டாம். சாதாரணச் சளிக்கு அந்த மருந்து வேலை செய்யாது. அதனால் கேட்டு வாங்கவும் வேண்டாம்.

கவ்வாத்துக் கத்தி பட்டாலும், அட்டை கடித்த இடத்தைச் சொறிந்து புண்ணானாலும், முதலில் சவர்க்காரமும் சுத்தமான தண்ணீரும் போட்டுக் கழுவுங்கள். சுத்தமான துணியால் கட்டுங்கள். ஆழமான வெட்டென்றால் ஏற்பு ஊசி போட்டாயிற்றா என்று டிஸ்பென்சரியில் கேளுங்கள். சிவப்புப் பரவினால், சூடாக வீங்கினால், சீழோ காய்ச்சலோ கண்டால் அன்றைக்கே டிஸ்பென்சரிக்குப் போங்கள். அங்கிருந்து அனுப்பினால் பதுளை ஆஸ்பத்திரிக்குப் போகத் தயங்காதீர்கள். அரைப்பேர் போகுமே என்று தைலத்தைப் பூசிக்கொண்டு மலைக்கு ஏறினால், பிறகு பல நாள் பேர் போகும். சில சமயம் காலே போகும்.

தைலம் நல்லதுதான். மேல்வலிக்குத் தேய்க்கலாம். சீழ் பிடித்த புண்ணுக்கு அது மருந்தல்ல.