சாட்சியம் யார் கையில்?
காவல் மரண வழக்குகளில் காவலர்களுக்குப் பிணை: அறக்கட்டளைச் சொற்பொழிவு

 எந்தப் பெரியவர் பெயரால் இன்று கூடியிருக்கிறோமோ அவர் மாவட்ட நீதிமன்றங்களிலேயே தொழில் நடத்திய குற்றவியல் வழக்கறிஞர். அவரைப் பற்றி முன்னால் பேசியவர்கள் நிறைவாகப் பேசிவிட்டார்கள். 

முன்வரிசையில் இருக்கும் என் பழைய சகாக்கள் இருவருக்கு நான் சொல்லப்போவது பாதி தெரியும். மறுபாதியை அவர்கள் எந்த நாளும் காது கொடுத்துக் கேட்டதில்லை. இன்றைக்கு மேடை என்னிடம் இருக்கிறது.

தகராறு

காவல் நிலையத்துக்கு அழைத்துப் போன ஒருவர் இறந்துவிடுகிறார். அடித்ததாகக் காவலர்கள் கைதாகிறார்கள், பிணை கேட்கிறார்கள். என் நண்பர்களில் ஒருவர், சீருடையோடு கொலை செய்தவனுக்கு ஜாமீன் என்ற பேச்சே எழக்கூடாது என்பார். மற்றவர், பிணையே விதி, சிறை விலக்கு என்று 1977இல் பால்சந்த் வழக்கில் கிருஷ்ணய்யர் வகுத்தது எல்லோருக்கும்தான்; போலீஸ்காரருக்காக அதை வளைத்தால் நாளை நம் கட்சிக்காரருக்கும் அது வளையும் என்பார். இருவரும் என்னை இரண்டுங்கெட்டான் என்று கேலி செய்வது வழக்கம். இருவருமே தப்பான கேள்விக்கு விடை சொல்கிறார்கள் என்பதுதான் என் வாதம்.

குற்றத்தின் கொடுமையை மட்டும் பார்த்துப் பிணையை மறுப்பது, தீர்ப்புக்கு முன்பே தண்டனையைத் தொடங்கிவைப்பது. எதிரி தப்பி ஓடுவாரா, சாட்சியைக் கலைப்பாரா என்பதுதான் கேட்க வேண்டியது. வேறொரு கொலை வழக்கில் சாட்சி தெருவில் இருக்கும், வயலில் இருக்கும், பக்கத்து வீட்டில் இருக்கும். காவல் மரணத்தில் ஜெனரல் டைரி, லத்தி, கேமரா, ரைட்டர், பாரா நின்ற காவலர் என்று அத்தனையும் எதிரியின் அலுவலகத்துக்குள்ளேயே இருக்கின்றன. சக காவலர்கள் வாய் திறக்கமாட்டார்கள் என்பதை 1995இல் சியாம்சுந்தர் திரிவேதி வழக்கில் உச்ச நீதிமன்றமே வெளிப்படையாகச் சொல்லியிருக்கிறது. காவலில் இருந்தபோது காயம் ஏற்பட்டால் அதைக் காவலரே ஏற்படுத்தியதாக நீதிமன்றம் அனுமானிக்கலாம் என்று சாட்சியச் சட்டத்தில் 114பி என ஒரு பிரிவைச் சேர்க்கும்படி சட்ட ஆணையம் 1985இல், தன் 113ஆவது அறிக்கையில் கேட்டது. யாரும் சேர்க்கவில்லை. 2023இல் சட்டத்தையே புதிதாக எழுதியபோதும் சேர்க்கவில்லை.

சாத்தான்குளம், ஜூன் 28

மாணவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும். இந்த ஒரு வழக்கைக் கொஞ்சம் விரித்தே சொல்லப்போகிறேன். 2020 ஜூன் 19ஆம் தேதி, ஊரடங்கு நேரம் கடந்தும் செல்போன் கடையைத் திறந்துவைத்திருந்ததாகச் சொல்லி ஒரு தகப்பனையும் மகனையும் சாத்தான்குளம் காவல் நிலையத்துக்குக் கொண்டுபோனார்கள். மறுநாள் ரிமாண்ட் ஆகி, அருகில் இருந்த சிறைகளையெல்லாம் விட்டுவிட்டுக் கோவில்பட்டி கிளைச் சிறைக்கு அனுப்பப்பட்டார்கள். 22ஆம் தேதி இரவு மகன் இறந்தார், 23ஆம் தேதி காலை தகப்பன். சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளையில் நீதிபதிகள் பி.என். பிரகாஷும் பி. புகழேந்தியும் தாமாகவே வழக்கை எடுத்து, ஆவணங்களைக் கைப்பற்றும்படி கோவில்பட்டி நீதித்துறை நடுவர் பாரதிதாசனை அனுப்பினார்கள்.

28ஆம் தேதி அவர் அந்த நிலையத்துக்குள் போனார். உயர் நீதிமன்றம் அனுப்பிய நீதிபதி அவர். கேட்ட ஆவணங்கள் உடனே வரவில்லை. கேமராப் பதிவைப் பார்த்தால் 19ஆம் தேதியைக் காணோம். ஹார்ட் டிஸ்கில் இடம் தாராளமாக இருந்தும், அன்றன்றைய பதிவு தானாக அழியும்படி அமைத்துவைத்திருந்தார்கள். சுற்றி நின்ற காவலர்கள் அவரைச் செல்போனில் படம் பிடித்தார்கள். ஒரு காவலர் அவரையே ஒருமையில் ஏசினார். லத்திகளைக் கொடுங்கள் என்றதும் ஒருவர் சுவரேறிக் குதித்து ஓடினார். இத்தனைக்கும் நடுவே ஒரு பெண் தலைமைக் காவலர், விடிய விடிய அடித்தார்கள், லத்தியிலும் மேசையிலும் ரத்தக்கறை இருந்தது என்று வாக்குமூலம் கொடுத்தார். கையெழுத்துப் போட மட்டும் தயங்கினார். அறைக்கு வெளியே அவருடைய சகாக்கள் நின்றிருந்தார்கள்.

அன்றைய தேதியில் ஒருவர்கூடக் கைதாகவில்லை. முக்கிய எதிரிகளான உதவி ஆய்வாளர்கள் இருவரும் பணியிடை நீக்கத்தில் இருந்தார்கள். சஸ்பெண்ட் செய்தால் போதும், சாட்சியைக் கலைக்க முடியாது என்று வாதாடும் என் இரண்டாவது நண்பர் இந்த இடத்தைத் தயவுசெய்து கவனிக்க வேண்டும். நிலையத்தில் அவர்கள் இல்லை. ஆனாலும் நிலையம் அவர்களுக்காக வேலை செய்தது.

அவரிடம் இதற்கு ஒரு நல்ல மறுமொழி உண்டு, மறைக்கமாட்டேன். நடுவரை ஏசியவர் பிறகு கொலை வழக்கில் எதிரியாகவே சேர்க்கப்படவில்லை. இடைஞ்சல் செய்தவர் ஒருவர், உள்ளே போனவர் வேறொருவர் என்றால் பிணை மறுப்பு எதைத் தடுத்தது? என் விடை இது: சஸ்பெண்ட் ஆனவர் திரும்பி வருவார் என்பது ஒவ்வொரு நிலையத்துக்கும் தெரியும். நாளை யாருக்கு சல்யூட் அடிக்க வேண்டியிருக்கும் என்று கணக்குப் போட்டுத்தான் ஏட்டுகள் வாய் திறப்பார்கள். எதிரி சிறையில் இருக்கும்வரை அந்தக் கணக்கு மாறிவிடுகிறது. உயர் நீதிமன்றமும் நோயைச் சரியாகவே பிடித்தது. நிலையத்தை வருவாய்த்துறையின் கட்டுப்பாட்டில் கொண்டுவரச் சொன்னது. அந்தப் பெண் தலைமைக் காவலருக்கும் அவர் குடும்பத்துக்கும் பாதுகாப்பு கொடுக்கச் சொன்னது. இடையூறு செய்த மூவர் மீது நீதிமன்ற அவமதிப்பு வழக்கு எடுத்தது. சாட்சியத்தை எதிரியின் கையிலிருந்து பிடுங்குவதுதான் இதன் பொருள். ஜூலையில் கைதுகள் தொடங்கியபோது பிணை மறுக்கப்பட்டதற்கு நியாயமான காரணம் அந்த ஜூன் 28தான், இரட்டைக் கொலை என்ற சொல் அல்ல.

இனி முதல் நண்பர் பக்கம் திரும்புகிறேன். கைதான பத்துப் பேரில் ஒருவர் ஆகஸ்டில் கொரோனாவால் இறந்தார். மீதி ஒன்பது பேர் மீது சி.பி.ஐ. செப்டம்பர் இறுதியில், தொண்ணூறு நாள் கெடு முடியும் தறுவாயில் குற்றப்பத்திரிகை போட்டது. விசாரணையை ஆறு மாதத்தில் முடியுங்கள் என்ற உத்தரவு நீட்டிப்புக்கு மேல் நீட்டிப்பாகப் போயிற்று. அந்தத் தலைமைக் காவலர் கூண்டேறிச் சாட்சி சொல்லி முடித்த பின்னும் பிணை மனுக்கள் தள்ளுபடியாகிக்கொண்டே இருந்தன. நிலையத்துச் சாட்சிகள் முடிந்தபின் மறுப்புக்கு எஞ்சிய காரணம் கொடுமை ஒன்றுதான். அந்தக் காரணத்தை நாம் வேறெந்த எதிரிக்கும் ஏற்பதில்லை. இதைச் சொன்னதற்காக ஒரு கருத்தரங்கில் என்னைப் போலீஸின் ஆள் என்றார்கள். இருக்கட்டும்.

பிற வழக்குகள்

2024இல் உத்தரப் பிரதேச வழக்கு ஒன்றில் உயர் நீதிமன்றம் ஒரு காவலருக்குக் கொடுத்த பிணையை உச்ச நீதிமன்றம் ரத்து செய்தது. காவல் மரணத்தில் கண்டிப்பு கூடுதலாக வேண்டும் என்றது. காவலரின் செல்வாக்கைக் காரணமாகக் காட்டியது. காரணம் சரி. ஆனால் அந்தச் செல்வாக்கு எதுவரை நீடிக்கும் என்ற கேள்விக்கு அங்கே இடம் கிடைக்கவில்லை.

2025 ஜூனில் திருப்புவனம் அருகே மடப்புரத்தில் கோயில் காவலாளி இறந்த வழக்கில், அடித்ததைப் படம் எடுத்தவர் வெளியாள். அங்கே சாட்சியம் நிலையத்துக்கு வெளியிலும் இருந்தது. என் அளவுகோலால் அந்த வழக்கைத் தனியே அளக்க வேண்டும். இன்று நேரமில்லை.

செய்ய வேண்டியவை

விரைந்து சொல்லிவிடுகிறேன். நிலையத்துச் சாட்சிகளை முதலில் விசாரித்துவிட்டுப் பிணை மனுவை மறுபடி எடுக்கும் நடைமுறையை ஒரு சுற்றறிக்கையிலேயே கொண்டுவர முடியுமா என்று யாராவது பார்க்கலாம். 2006 முதல் காவல் மரணங்களை நீதித்துறை நடுவரே விசாரிக்க வேண்டும். அந்த அறிக்கைகள் பிணை விசாரணையின்போது நீதிபதியின் மேசைக்கு வருகின்றனவா என்பது நல்ல ஆய்வுப் பொருள். பரம்வீர் சிங் சைனி வழக்கில் 2020 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் காவல் நிலையக் கேமராப் பதிவைப் பதினெட்டு மாதம் வைத்திருக்கச் சொன்னது. மாவட்டவாரியாக அதைச் சரிபார்க்க எம்.எல். மாணவர் ஒருவர் போதும். கொலைப் பிரிவைப் போடாமல் பழைய இந்திய தண்டனைச் சட்டத்தில் காயப்படுத்துவதற்கான 330ஆவது பிரிவை மட்டும் போட்டு, குற்றப்பத்திரிகைக்கான தொண்ணூறு நாள் கெடுவை அறுபதாக்கித் தானாகப் பிணை கிடைக்கவிட்ட வழக்குகள் எத்தனை என்று தேட வேண்டும். வழக்குத் தொடர அரசின் முன்அனுமதி வேண்டும் என்ற வாதம் பிணைக் கட்டத்திலேயே எழுப்பப்படுவது பற்றித் தனியே ஒரு கட்டுரை எழுதலாம். தலைவர் கடிகாரத்தைப் பார்க்கிறார். மதுரைக் கிளையின் பிணை உத்தரவுகளைத் தொகுக்க விரும்பும் மாணவர்கள் கூட்டம் முடிந்ததும் என்னிடம் வரலாம்.