பவர் ஸ்டியரிங் இல்லாத ஐந்து வாரங்கள்
(வெள்ளிவிழாவின் இளைஞர் அரங்கில் ஆற்றிய உரை)

 

வெள்ளிவிழா மேடையில் கல்வியின் மேன்மையைப் பேசாது, பழைய வேன் ஒன்றைப் பற்றிப் பேச வந்திருக்கிறார்களே எனச் சிலர் வியக்கக்கூடும். மாலை வகுப்பு முடிந்து நம் பிள்ளைகளை ஊர் ஊராகக் கொண்டு சேர்ப்பது அந்த வேன்தான். அது ஐந்து வாரம் பவர் ஸ்டியரிங் இன்றி ஓடியது. அப்போது நாம் செய்ததை மறைக்காது உங்கள்முன் வைக்கவே வந்துள்ளோம்.

பம்பிலிருந்து ஸ்டியரிங் பெட்டிக்குச் செல்லும் அழுத்தக் குழாய் வெடித்து, ஆயில் முழுவதும் ஒழுகிவிட்டது. அதைச் சீர்செய்யக் கேட்ட தொகை, அம்மாதம் நோட்டுப் புத்தகங்களுக்கு நாம் ஒதுக்கியிருந்த தொகையைவிட மிகுதி. "பெல்ட்டைக் கழற்றிவிடுகிறேன், கை கொஞ்சம் வலிக்கும், வண்டி ஓடும்" என்றார் பட்டறைக்காரர். நாமும் இசைந்தோம். நோட்டுகள் வந்தன.

வண்டி ஓடத்தான் செய்தது. நம் வேனின் பவர் ஸ்டியரிங் என்பது எஞ்சின் சுழற்றும் ஒரு பம்பு தரும் ஆயில் அழுத்தத்தின் துணையேயன்றி வேறில்லை. அத்துணை நின்றாலும், கைச்சக்கரத்திற்கும் முன்சக்கரங்களுக்கும் இடையே உள்ள இரும்புப் பிணைப்பு அறுவதில்லை. ஆகவே கழுகுமலைச் சாலையில் நேரே செல்கையில் குறையே தோன்றவில்லை. உருளும் டயர் எளிதில் திரும்பும். நிற்கும் டயரோ தரையில் தேய்ந்துகொண்டே திரும்ப வேண்டும். வண்டியைத் திருப்பி நிறுத்தும் இடங்களில்தான் நம் ஓட்டுநர் தம்பியின் தோள் வீங்கியது.

"அந்தக் காலத்தில் லாரியையே வெறுங்கையால் ஓட்டினோமே" என்றனர் பெரியவர்கள். உண்மைதான். 1920களில் அமெரிக்கப் பொறியாளர் பிரான்சிஸ் டேவிஸ் இவ்வமைப்பை உருவாக்கிக் காட்டினார். 1951இல்தான் கிரைஸ்லர் நிறுவனம் விற்பனைக் காரில் அதைப் பொருத்தியது. நம் நாட்டு வேன்களுக்கு அது வந்து சேர மேலும் பல்லாண்டுகள் ஆயின. ஆனால் பெரியவர்கள் ஓட்டிய வண்டி வேறு. அதன் கைச்சக்கரம் பெரிது. பல சுற்றுச் சுற்றினால்தான் டயர் முழுதும் திரும்பும். பளு பல சுற்றுகளில் பகிரப்பட்டது. பவர் ஸ்டியரிங்கை நம்பிச் செய்த வண்டியிலோ சக்கரம் சிறிது, சுற்றும் குறைவு. துணை போனபின் அதே பளு சில சுற்றுகளிலேயே கைக்கு வந்துவிடும். போதாக்குறைக்குப் பெட்டிக்குள் எஞ்சிய ஆயிலையும் கையே தள்ள வேண்டும். குழாய் முனைகளை இறுக அடைத்துவிட்டால் அந்த ஆயில் போக வழியின்றி இன்னும் இறுகும். இரு முனைகளையும் ஒன்றோடொன்று இணைத்துவிடுவதே முறை. இதை நாம் அறிந்தது பின்னர்தான்.

பெல்ட் விஷயத்தில் நாம் தப்பியது நற்பேறு. நம் வேனில் பம்புக்குத் தனி பெல்ட். சில வண்டிகளில் ஒரே பெல்ட்டே தண்ணீர்ப் பம்பையும் ஆல்டர்னேட்டரையும் சுழற்றும். டீசல் வண்டிகள் பலவற்றில் பிரேக்கிற்குத் துணைசெய்யும் வேக்குவம் பம்பு அந்த ஆல்டர்னேட்டரின் பின்புறமே அமைந்திருக்கும். அத்தகைய வண்டியில் பெல்ட்டைக் கழற்றுபவன் எஞ்சினைக் கொதிக்கவிடுவதோடு பிரேக்கையும் பலவீனமாக்குகிறான். டீசலை மிச்சம் பிடிக்கப் புளியரை இறக்கத்தில் எஞ்சினை அணைத்து இறங்கும் தம்பிமாரும் இதைக் கேளுங்கள்: அணைத்த நொடியிலேயே பவர் ஸ்டியரிங் போகிறது, பிரேக்கின் துணை இரண்டொரு மிதிக்குமேல் தாங்காது.

ஆடித்தபசுக் காலம். ஊர் நிரம்பியிருந்தது. தேர்வீதியை ஒட்டிய முனையில் வண்டியைத் திருப்புகையில் முன்சக்கரம் பள்ளத்தில் இறங்கியது. ஆயில் அழுத்தம் இருந்தால் அந்த அதிர்ச்சியை அதுவே ஏற்றிருக்கும். இல்லாமையால் கைச்சக்கரம் வெடுக்கென எதிர்ப்புறம் சுழன்று, தம்பியின் கட்டைவிரலை அடித்துப் பிடியை விலக்கிற்று. வண்டி பூ விற்ற அம்மாள் ஒருவரின் கூடையை நசுக்கி, அவரது முழங்காலுக்கு ஒரு சாண் தொலைவில் நின்றது. உள்ளே பதினொரு பிள்ளைகள். (கட்டைவிரலைச் சக்கரத்தின் உட்புறம் மடக்கிப் பிடிக்கலாகாது என்பதைப் பழைய லாரி ஓட்டுநர்கள் எல்லோரும் அறிவர். நாம் அத்தம்பிக்கு அதைச் சொல்லிக் கொடுத்ததில்லை.)

அன்றிரவே குழு கூடியது. மத்திய மோட்டார் வாகன விதிகள் 1989இன் 98ஆம் விதி, ஸ்டியரிங் அமைப்பு நல்ல நிலையில் பேணப்பட வேண்டும் என்கிறது. கைச்சக்கரத்தின் வெற்றாட்டம் 30 பாகைக்கு மேற்படலாகாது என்றும் வரையறுக்கிறது. அதை ஒருவர் படித்துக் காட்டினார். ஆனால் எம்மை வாயடைக்கச் செய்தது விதியன்று. பிள்ளையை வேனில் அனுப்பும் தாய் ஒருவர் எழுந்து, "நோட்டு இல்லைன்னு சொல்லியிருந்தா நாங்க ஆளுக்குக் கொஞ்சம் போட்டிருப்போமே, வண்டி இப்படின்னு ஏன் எங்ககிட்டச் சொல்லலை?" என்றார். அவருக்கு விடை சொல்ல எவராலும் இயலவில்லை. இன்றும் இயலவில்லை.

வழியில் பழுதானால் கூட்டமில்லாச் சாலையில், மெதுவாக, டயர் உருளும்போதே திருப்பிப் பட்டறைவரை கொண்டு செல்வது வேறு. நாள்தோறும் பிள்ளைகளை ஏற்றிச் செல்வது வேறு. இவ்விரண்டையும் நாம் ஒன்றாக்கிவிட்டோம். பூக்கூடைக்கு ஈடு கொடுத்தோம். விழா வளைவுக்கென ஒதுக்கிய பணத்தில் புதுக் குழாயும் பம்பும் வந்தன. வாயிலில் வளைவு இல்லாததன் காரணம் அதுவே.

சரக்கு, பயணி வாகன உரிமத்திற்கு எட்டாம் வகுப்புத் தேர்ச்சி வேண்டுமென்ற விதி 2019இல் நீக்கப்பட்டது. நம் இளைஞர் பலருக்கு அது கதவு திறந்தது, மகிழ்ச்சியே. எனினும் பட்டறைக்காரர் சொல்வதைத் திருப்பிக் கேள்வி கேட்க, வண்டியின் கையேட்டைப் படிக்கத் தெரிந்திருக்க வேண்டும். அதற்கான ஞாயிறு வகுப்பு அடுத்த மாதம் தொடங்குகிறது.

வேன் வெளியே வேப்பமரத்தடியில் நிற்கிறது. உரை முடிந்ததும் ஒவ்வொருவரும் ஏறி, எஞ்சினை அணைத்த நிலையில் ஒருமுறையும் ஓடவிட்டு ஒருமுறையும் கைச்சக்கரத்தைத் திருப்பிப் பாருங்கள். சாவி செயலாளரிடம் உள்ளது.